கருவை முள்ளும் 5 மில்லிமீட்டர் ரப்பரும்: ஷ்வால்பே மாரத்தான் பிளஸ் டயர்

எங்கள் காரைக்குடி சைக்கிள் கூட்டத்தில் புதிதாகச் சேருகிறவர்கள் எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: ஷ்வால்பே மாரத்தான் பிளஸ் டயர் அந்த விலைக்குத் தகுமா? தனியாக ஊரைச் சுற்றுகிறவருக்கு ஒரு பதிலும், கூட்டத்தோடு நெடுந்தூரம் போகிறவருக்கு இன்னொரு பதிலும் வைத்திருக்கிறேன். ஆளரவம் இல்லாத வறண்ட சீமைக்குள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து போவதென்றால், வேறு எதில் சிக்கனம் பிடித்தாலும் இதில் பிடிக்காதீர்கள் என்பேன். ஜோத்பூரில் ஏறி உட்கார்ந்து ஓசியான், பலோதி, பொக்ரான், ஜெய்சால்மர், கூரி வழியாகப் பார்மர் வரை தார் பாலைவனத்தில் இதை ஓட்டியிருக்கிறோம். அதற்கு முன்னும் பின்னும் நம்மூர்க் கண்மாய்க் கரைகளில் ஓட்டிக்கொண்டிருக்கிறோம். அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

சரக்கு என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஜெர்மன் கம்பெனியின் டயர். ரோட்டில் படுகிற கறுப்பு ரப்பருக்கும் உள்ளே இருக்கும் நூல் அடுக்குக்கும் நடுவில், 5 மில்லிமீட்டர் கனத்தில் ரப்பர் பட்டை ஒன்று டயரைச் சுற்றி ஓடுகிறது. நிறம் நீலம். இதே வரிசையில் 'பிளஸ்' இல்லாத சாதா மாரத்தானில் பட்டை பச்சை, கனம் 3 மில்லிமீட்டர். மற்றப் பல டயர்களில் முள்ளைத் தடுக்க மெல்லிய, கெட்டியான துணி வைப்பார்கள். கண்ணாடிச் சில்லுக்கு அது போதும். முள் அப்படியில்லை. சக்கரம் சுற்றச் சுற்ற ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே ஏறும், துணியின் இழைக்கு நடுவே வழி கண்டுபிடித்துவிடும். கனமான ரப்பர் அதை விடாது. உள்ளே வந்த முள்ளை அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளும். நுனி டியூபைத் தொடாது. சாயங்காலம் தங்குமிடத்தில் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து, பிடித்து வைத்திருப்பதை எல்லாம் எடுத்துவிட வேண்டும். எங்கள் கூட்டத்துப் பள்ளத்தூர் அக்கா அவுக அப்பத்தாவின் பித்தளை முள்வாங்கியைக் கொண்டு வந்திருந்தார். இடுப்பில் செருகிக்கொள்ளும் பழைய சாமான். அதைவிடப் பொருத்தமான கருவியை எந்தச் சைக்கிள் கடையிலும் நான் பார்க்கவில்லை.

இந்தச் சீமையில் சைக்கிள் ஓட்டுகிறவருக்கு முள்ளைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. காரைக்குடியிலிருந்து தேவகோட்டை, திருவாடானை வழியாகத் தொண்டிக் கடற்கரைக்குப் போய்ப் பாருங்கள். ரெண்டு பக்கமும் சீமைக்கருவை. கரி மூட்டம் போட வெட்டுகிற காலத்தில், விறகு ஏற்றிப் போகிற வண்டியிலிருந்து சிம்பு சிம்பாக ரோட்டில் விழுந்து கிடக்கும். நான் ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை நடத்துகிறேன். பட்டறைக்குப் போகும் செம்மண் பாதையில் மாட்டுக்காரர்கள் ஒடித்துப் போட்ட கருவைக் குச்சிகள் எப்போதும் கிடக்கும். அங்கே தினமும் ஓட்டித்தான் இந்த டயரின் மேல் எனக்கு நம்பிக்கை வந்தது.

அந்தக் கருவையை ராஜஸ்தானிலும் பார்த்தபோது எங்களில் பலர் அசந்துபோனார்கள். விலாயதி பபூல் என்கிறார்கள். அதே இலை, அதே காய், அதே முள். வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த மரம் அது. 1940-இல் ஜோத்பூர் சமஸ்தானம் அதை 'ராஜ மரம்' என்றே அறிவித்துப் பாதுகாத்தது. மணல் பறக்காமல் நிறுத்தும் என்று நட்டார்கள். இப்போது ஊரை வளைத்து நிற்கிறது. நம் பக்கம் 2017-இல் மதுரை ஐகோர்ட்டே வெட்டச் சொல்லி உத்தரவு போட்ட மரம், அங்கேயும் ஜனங்களுக்குத் தலைவலிதான். அதன் பக்கத்திலேயே வன்னி நிற்கிறது. அங்கே கேஜ்ரி என்பார்கள். நம்மூர்க் கோயில்களில் தலவிருட்சமாக விளக்கேற்றிக் கும்பிடுகிறோமே, அதே வன்னி. அதற்கும் முள் உண்டு, சிறிசு. அதன் காயைக் காய வைத்து, கேர் என்ற சிறு காயோடு சேர்த்து வதக்கி, கம்பு ரொட்டியோடு கொடுத்தார்கள். கம்பங்கூழ் குடித்து வளர்ந்த கோட்டையூர் அண்ணனுக்கு அந்த ரொட்டியை விட்டு எழ மனசே வரவில்லை.

கருவையையும் வன்னியையும் விடத் தொந்தரவு கொடுத்தது நெருஞ்சி. ரோட்டோரம் நிழலுக்கு ஒதுங்கிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நாலடி இறங்கினால் போதும், டயர் முழுக்க அப்பிக்கொள்ளும். ஒவ்வொரு காயிலும் எந்தப் பக்கம் விழுந்தாலும் ஒரு முள் மேல் நோக்கி நிற்கும். ஆனால் அந்த முள்ளின் நீளம் அரை செண்டிமீட்டர் அளவுதான். இந்த டயரின் பட்டைக்கு மேலே இருக்கும் கட்டை ரப்பரையும் சேர்த்துப் பார்த்தால் அது டியூப் வரை எட்டவே வழியில்லை. நெருஞ்சி உள்ள தேசத்துக்கு இதைவிட நல்ல டயர் எனக்குத் தெரியவில்லை. கருவை முள் வேறு கணக்கு. அது நாலு, ஐந்து செண்டிமீட்டர் கூட நீளும். குச்சியோடு சேர்ந்து நட்டுக்குத்தலாக நின்றுகொண்டிருந்தால் 5 மில்லிமீட்டர் எப்படித் தடுக்கும்? பெரும்பாலும் முள் சாய்ந்து படுத்துக் கிடப்பதால் பிழைக்கிறோம். அதோடு, பாதுகாப்புப் பட்டை மிதிக்கும் பகுதியில் மட்டும்தான் இருக்கிறது. டயரின் பக்கவாட்டில் இல்லை. குச்சிகள் கிடக்கும் ஓரத்தில் இறங்கி ஓட்டுகிறவருக்கு எந்த டயரும் உத்தரவாதம் தராது.

இனி கூட்டத்தின் கணக்குக்கு வருகிறேன். கடைகளிலும் சரி, வீடியோக்களிலும் சரி, இதை யாரும் விளக்கமாகப் பேசுவதில்லை.

தனியாகப் போகிறவனுக்குப் பஞ்சர் என்பது இருபது நிமிஷ வேலை. ஏழு பேர் போனால் ஏழு பேருக்கும் இருபது நிமிஷம் போகிறது. முன்னால் போனவர்கள் திரும்பிப் பார்த்து, காத்திருந்து, சந்தேகம் வந்து திரும்பி வருவதற்குள் அது முக்கால் மணி நேரமாகிவிடும். பல இடங்களில் போனும் எடுக்காது. பொக்ரானிலிருந்து ஜெய்சால்மர் 110 கிலோமீட்டர். நடுவே லாட்டி, சாந்தன் என்று சில ஊர்கள். மற்றபடி முட்புதரும் வெட்டவெளியும்தான். கிட்டப் போகப் போகக் காற்றாலைகள். நிற்கிற நேரத்திலும் எல்லாரும் தண்ணீர் குடிக்கிறார்கள், தூரம் மட்டும் குறையவில்லை. ஆளுக்கு ஐந்து லிட்டர் சுமந்துகொண்டு கிளம்பியிருக்கிறோம் என்றால் அது ஓடுகிற நேரத்துக்குக் கணக்குப் போட்ட தண்ணீர்.

வெளிச்சமும் அப்படித்தான். குளிர்காலத்தில்தான் அங்கே போக வேண்டும். கோடையில் நினைத்தும் பார்க்கக் கூடாது. 2016 மே மாதம் பலோதியில் 51 டிகிரி பதிவாகியிருக்கிறது. ஆனால் ஜனவரியில் ஜெய்சால்மரில் காலை ஏழரைக்குத்தான் சூரியன் எட்டிப்பார்க்கும், நாட்டின் மேற்கு ஓரம் என்பதால். சாயங்காலம் ஆறு மணி சுமாருக்குப் போய்விடும். விடியும் முன் கிளம்பலாம் என்றால் குளிர் விரலை மடக்க விடாது. நம்மூரில் ஐந்தரைக்கே சைக்கிளை எடுத்துக் குன்றக்குடி போய் டீ குடித்துத் திரும்புகிற பழக்கம் அங்கே செல்லாது. ஆக, 110 கிலோமீட்டருக்கு உங்களிடம் இருப்பது பத்தரை மணி நேர வெளிச்சம். சுமையோடு, சாப்பாடு, ஓய்வு எல்லாம் சேர்த்தால் மிச்சம் சொற்பம். மூன்று பஞ்சர் ஆனால் இருட்டில்தான் ஊர் போய்ச் சேர்வீர்கள், அதுவும் லாரி போகிற ரோட்டில்.

எங்கள் கூட்டத்தில் இருவர் சாதா டயரில் வந்தார்கள். எந்தக் கம்பெனி என்பது முக்கியமில்லை. இங்கே தார் ரோட்டில் நன்றாக ஓடிய டயர்கள்தான், முள்ளை மனசில் வைத்துச் செய்தவை அல்ல. வழியில் ஒட்டிய பஞ்சர் எல்லாம் அவை இரண்டில் ஆனவையே. தேவகோட்டைத் தம்பிக்குப் பலோதியைத் தாண்டியதும் ஒரே சக்கரம் திரும்பத் திரும்ப இறங்கியது. ஒட்டிய இடம் சரியாகத்தான் இருந்தது. முள்ளின் நுனி ஒடிந்து டயருக்குள்ளேயே நின்று, புது டியூபையும் குத்திக்கொண்டிருந்தது. விரலால் தடவினால் தெரியவில்லை. பள்ளத்தூர் அக்கா கொஞ்சம் பஞ்சை எடுத்து டயரின் உட்புறம் ஒரு சுற்றுத் தடவினார், பஞ்சு மாட்டிக்கொண்டது. முள்வாங்கி அங்கேயும் உதவியது. அந்தப் பையன் முகம் வாடிப்போய், "என்னால எல்லாருக்கும் லேட்டாகுது அக்கா" என்று சொன்னதை நான் மறக்கவில்லை. அக்கா, "முள்ளு குத்துனதுக்கு நீ என்னப்பா செய்வ, தண்ணியக் குடி" என்றார். கூட்டத்தில் போகிற ஒருவன் மனசு தளர்ந்தால் அன்றைக்கு எல்லாருக்கும் பாதை நீண்டுவிடும். கூட்டத்தில் ஒவ்வொருவரும் நல்ல டயர் போட வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு அந்தப் பையனின் முகமும் ஒரு காரணம்.

எடையைப் பற்றிக் குறை சொல்கிறவர்கள் சொல்வது உண்மை. கனமான டயர். அதே அகலத்தில் சாதா டயர் ஜோடியோடு ஒப்பிட்டால் அரைக் கிலோவுக்கு மேல் கூடும், அதுவும் சுற்றுகிற இடத்தில். திருமயம் பக்கம் வேகமாக ஓட்டிப் பழகியவர்களுக்கு முதல் நாள் சைக்கிள் மந்தமாகத் தெரியும். மிதித்து வேகம் எடுக்கும்போதுதான் அது உறுத்தும். சுமை ஏற்றி, மணிக்குப் பதினைந்து கிலோமீட்டரில் ஒரே சீராகப் போகிற பயணத்தில் நான் அதை உணரவே இல்லை. பின்னால் இரண்டு பையில் துணி, கூடாரம், தண்ணீர், வீட்டில் ஆச்சி கட்டிக்கொடுத்த மாவுருண்டையும் சீடையும் என்று பதினைந்து கிலோ தொங்கும்போது அரைக் கிலோவுக்கு என்ன கணக்கு?

மாட்டுவதற்குப் பொறுமை வேண்டும். பட்டை கனமானது என்பதால் டயர் வளைந்து கொடுக்காது. விளிம்பும் கம்பி, மடித்து எடுத்துப் போக முடியாது. எங்கள் சைக்கிள்களைத் தயார் செய்து கொடுத்த காரைக்குடி மெக்கானிக் அண்ணன் இதைக் கையில் வாங்கியதுமே, "அவசரப்பட்டா இது ஏறாது தம்பி, கொஞ்ச நேரம் வெயில்ல கெடக்கட்டும்" என்று வாசலில் போட்டுவிட்டார். சூடு ஏறியதும் ரப்பர் இளகியது. பிறகு அவர் செய்ததை அப்படியே சொல்கிறேன், உங்களுக்கும் உதவும். வால்வுக்கு நேர் எதிரே தொடங்கி இரண்டு கையாலும் விளிம்பை ரிம்முக்குள் தள்ளிக்கொண்டே வால்வை நோக்கி வர வேண்டும். ஏறின பகுதியின் விளிம்பை ரிம்மின் நடுப் பள்ளத்தில் இறக்கிக்கொண்டே வந்தால் அந்தத் தளர்ச்சி கடைசியில் கிடைக்கும். ஏறியது மறுபடி நழுவாமல் இருக்க ஒரு துணிப் பட்டையால் ரிம்மோடு கட்டிவிட வேண்டும். இரும்பு லீவரை உபயோகிக்கவே கூடாது, டியூபைக் கடித்துவிடும். இந்த வேலையை ஒவ்வொருவரும் ஊரிலேயே தன் கையால் ஒரு தடவை செய்து பழக வேண்டும் என்று அவர் கண்டிப்பாகச் சொன்னார். எல்லாரையும் வரிசையாக உட்கார வைத்துச் செய்ய வைத்தார். அந்தச் சேவைக்கே அவருக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும்.

மணலில் இந்த டயர் எடுபடாது. இதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். ஜெய்சால்மரிலிருந்து சம் என்ற மணல்மேட்டு ஊருக்குப் போகிற வழியிலும் கூரிப் பக்கத்திலும் காற்று மணலைக் கொண்டுவந்து ரோட்டின் குறுக்கே நாக்கு நாக்காகப் போட்டிருக்கும். டைல்ஸ் வேலையில் மணலைச் சலித்துச் சலித்துப் பழகிய கை என்பதால் இறங்கி அள்ளிப் பார்த்தேன். பொடிசு, முனை மழுங்கி உருண்டை உருண்டையாக இருக்கிறது. காற்று உருட்டி உருட்டி அப்படி ஆக்கியிருக்கிறது. ஒன்றோடொன்று பிடிக்காது, எங்கள் பட்டறைக்கு ஆகவே ஆகாது. அந்த மணலில் 37 மில்லிமீட்டர் அகலச் சக்கரம் கத்தி இறங்குகிற மாதிரி இறங்கும். மேலே வெட்டும் ஆழமில்லாததால் பிடிமானமும் இல்லை. முன் சக்கரம் மடங்கி ஆளைத் தள்ளப் பார்க்கும். காற்றைக் குறைத்தால் கொஞ்சம் தாங்கும், ஆனால் இந்த விறைப்பான டயர் மெத்தென்று பரவுவதில்லை. ஒரு பாகத்துக்கு இறங்கித் தள்ளிக்கொண்டு போய்விட்டோம். உங்கள் பாதை பெரும்பாலும் மணல்தடம் என்றால் இரண்டு அங்குலத்துக்கு மேற்பட்ட அகல டயர் போடக்கூடிய சைக்கிளே வேண்டும். அதற்கு இது மருந்தல்ல. நாங்கள் போனதில் பெரும்பகுதி நல்ல தார் ரோடு. எல்லைப்புறம் என்பதால் ரோட்டை அருமையாக வைத்திருக்கிறார்கள்.

அளவு விஷயத்தில் கவனம் வேண்டும். டயரின் பக்கத்தில் 37-622 என்று போட்டிருக்கும். பின்னால் இருக்கும் 622 என்பது ரிம்மில் டயர் உட்காரும் விட்டம், மில்லிமீட்டரில். 28 என்றும் கூட அச்சிட்டிருப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு நம் அப்பச்சி காலத்துப் பெரிய சைக்கிளுக்கு வாங்கிவிடாதீர்கள். அந்த 28 × 1½ சைக்கிளின் விட்டம் 635, இது அதில் ஏறாது. பாலைவன ஊர்களின் சைக்கிள் கடைகளில் கிடைப்பதும் பெரும்பாலும் அந்தப் பெரிய சைக்கிளின் டயரும், 26 அங்குல வகைகளும்தான். 622-ஐத் தேடி ஜோத்பூருக்குத் திரும்ப வேண்டியிருக்கும். ஆகவே கூட்டத்துக்குப் பொதுவாக மடிக்கக்கூடிய இலகுவான டயர் ஒன்று எடுத்துப் போங்கள்.

டியூப் வாங்கும்போது, ரிம்மின் துளை இடம் கொடுத்தால் மோட்டார் சைக்கிள் வால்வு உள்ளதாகப் பாருங்கள். எந்த லாரி பஞ்சர் கடையிலும் காற்றுப் பிடித்துக்கொள்ளலாம். மெல்லிய பிரெஞ்சு வால்வுதான் என்றால் சிறிய பித்தளை அடாப்டர் ஒன்றை வால்வு மூடியோடு சேர்த்து மாட்டி வையுங்கள். காற்றைப் பொறுத்தவரை, முன்னே குறைவாகவும் சுமை விழும் பின் சக்கரத்தில் கூடுதலாகவும் வைத்தோம். காலைக் குளிரில் பார்த்துப் பிடித்தால், மத்தியானம் பத்து டிகிரி சூடு கூடும்போது காற்றழுத்தம் இரண்டு மூன்று பிஎஸ்ஐ தானாக ஏறிவிடும். டயரில் அச்சிட்ட உச்சத்துக்குக் காலையிலேயே அடித்துவிடாமல் கொஞ்சம் இடம் விடுங்கள்.

சைக்கிள்களை அனுப்ப ரயில் பார்சலே நல்லது. மன்னார்குடியிலிருந்து ஜோத்பூரின் பகத் கி கோத்தி ஸ்டேஷனுக்கு வாராந்திர ரயில் இருக்கிறது, நம் பக்கத்து ஆட்களுக்கு அதைவிடத் தோது வேறில்லை.

வேறு வழியே இல்லையா என்று கேட்பவர்களுக்கு: டியூப் இல்லாமல் உள்ளே பால் போல ஒரு திரவம் ஊற்றி ஓட்டும் முறை நல்லதுதான், நெருஞ்சிக்கு அது அருமையாக அடைத்துக்கொள்ளும். ஆனால் வறண்ட, சூடான ஊரில் அந்தத் திரவம் சீக்கிரம் காய்ந்துவிடும். தீர்ந்தால் வாங்க வழியில்லை. பழைய டியூபை நீளவாக்கில் வெட்டி டயருக்குள் விரிப்பது நம்மூர் முறை. அதையும் மதிக்கிறேன். செலவே இல்லை, ஓரளவு முள்ளைத் தாங்கும். ஆனால் வெட்டின ஓரம் உள்ளிருக்கும் டியூபை உராய்ந்துகொண்டே இருக்கும். ஓரத்தைத் தேய்த்து மழுங்க வைத்தால் அதுவும் கொஞ்ச தூரத்துக்கு உதவும்.

கடைசியாக விலை. ஒரு ஜோடிக்குக் கொடுக்கிற பணத்துக்கு இங்கே ஒரு சாதாரணப் புதுச் சைக்கிளே வாங்கிவிடலாம். படிக்கிற பையன்களால் முடியாது என்பது எனக்குத் தெரியும். ஒன்றுதான் வாங்க முடியுமென்றால் பின் சக்கரத்துக்குப் போடுங்கள். சுமை அங்கேதான் விழுகிறது, செயினுக்கும் பற்சக்கரத்துக்கும் நடுவே கழற்றி மாட்டுவதும் அங்கேதான் சிரமம். அடுத்து கட்ச் பக்கம் போகத் திட்டமிட்டிருக்கிறோம். அதற்கு எங்கள் கூட்டத்தில் மாதா மாதம் ஆளுக்குக் கொஞ்சம் பொதுப்பணம் போட்டு வருகிறோம். யாருக்கு முடியவில்லையோ அவருடைய டயரை அந்தப் பணத்தில் வாங்குவது என்று கோட்டையூர் அண்ணன்தான் முதலில் சொன்னார், எல்லாரும் ஒப்புக்கொண்டோம். தேவகோட்டைத் தம்பிக்கு ஜோடி வந்துவிட்டது. இப்போதே மாட்டி, திருவாடானை ரோட்டில் ஓட்டிக்கொண்டிருக்கிறான்.